கேத்தலுக்க பிடிச்ச வெள்ளை

எங்கட வவுனியாப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய் இருந்தா, தேத்தண்ணி குடிச்சு முடிய முதல் தண்ணிக் கதை வந்திடும். கனகராயன்குளம், புளியங்குளம், நெடுங்கேணி எண்டு எங்க போனாலும் இதே கதைதான். யாரோ ஒராள் கேத்தல் மூடியைத் திறந்து காட்டுவா, உள்ளுக்க வெள்ளையா, அடியில கொஞ்சம் மஞ்சள் பிடிச்சு, கரண்டியால சுரண்டினாலும் லேசில கழராத ஒரு பொருக்கு. "பாத்தீங்களே, இதுதான் எங்கட கிட்னிக்கயும் போய்ப் படியுது" எண்டு சொல்லுவா. இருக்கிற எல்லாரும் தலையாட்டுவினம். ஏனெண்டா எல்லாருக்கும் தெரிஞ்ச ஒராள் கிட்னி வருத்தத்தோட ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு கொண்டிருக்கிறார், சிலருக்கு அந்த ஆள் இப்ப இல்லை. அப்பிடியான இடத்தில இருந்துகொண்டு "அது அப்பிடியில்லை அக்கா" எண்டு இரசாயனம் கதைக்க வாய் வராது. அதால நானும் கனகாலம் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தனான், ஆனா மனசுக்க அது ஒத்து வரேல்லை. உயர்தரத்தில நாங்கள் பாடமாக்கின எஸ் தொகுப்பு மூலகங்கள், சோடியம், பொற்றாசியம், மகனீசியம், கல்சியம் எண்டு முழுக்க அந்தக் கேத்தலுக்கதான் கிடக்கு, அதைப் பாத்துக்கொண்டு எப்பிடிச் சும்மா இருக்கிறது.

முதல் ஒரு விசயம். அந்த வெள்ளை தண்ணிக்குள்ள இருந்து வெளிய வந்த சாமான். கேத்தலில ஒட்டினது உங்கட வயித்துக்க போகேல்லை. இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கிற கணக்கு, ஆனா பயம் வந்தா கணக்கு நிக்காது. அதோட கிட்னியில கல்லு வாறதையும் கிட்னி மெல்ல மெல்லச் செயலிழக்கிறதையும் சனம் ஒண்டாப் போட்டுக் குழப்பி வைச்சிருக்கு. கல்லெண்டா கூடுதலா கல்சியம் ஒட்சலேற்று, நோவு வந்து துடிக்க வைக்கும், ஆனா கேத்தல் பொருக்கு கல்சியம் காபனேற்று, ரெண்டும் வேற வேற சாமான். எங்கட ஆக்களைத் தின்னுறது அந்தச் செயலிழப்புத்தான், சத்தமில்லாமல் வருசக்கணக்கில வாறது.

சோடியம் ஒளிக்கும், கல்சியம் காட்டிக்குடுக்கும்

மழைத்தண்ணி மண்ணுக்குள்ளால இறங்கேக்க காபனீரொட்சைட்டைக் கரைச்சுக் கொஞ்சம் அமிலமா மாறுது, அந்தத் தண்ணி பாறையில இருக்கிற கல்சியத்தையும் மகனீசியத்தையும் இருகாபனேற்றாக் கரைச்சுக்கொண்டு எங்கட கிணத்துக்கு வருது. கொதிக்க வைக்கேக்க காபனீரொட்சைட்டு ஆவியோட போயிடும், அது போனா இருகாபனேற்றால நிக்க ஏலாது, காபனேற்றா மாறி அடியில விழும். காபனேற்று தண்ணியில கரையிறது மிச்சம் குறைவு, சுத்தமான தண்ணியெண்டா ஒரு லீற்றருக்குப் பதினைஞ்சு மில்லிகிராமுக்குக் கிட்டத்தான். தேசிக்காயைப் பிழிஞ்சு விட்டா பொருக்கு நுரைச்சுக் கரையிறதும் இதே கதையின்ர மற்றப் பக்கம், போன காபனீரொட்சைட்டின்ர மிச்சம் அப்பத்தான் வெளிய போகுது. கேத்தல் கழுவ தேசிக்காயை விட, வினாகிரியை விட வேற ஒண்டும் வாங்கத் தேவையில்லை, கடையில விக்கிற அந்தப் பவுடர் எல்லாம் வீண் காசு.

இதுக்க எனக்குப் பிடிச்ச ஒரு விசயம் இருக்கு. அப்பச்சோடாவும் இருகாபனேற்றுத்தான், சோடியம் இருகாபனேற்று. அதைப் பைக்கற்றில வாங்கிக்கொண்டு வரலாம், வெள்ளைப் பவுடர். ஆனா கல்சியம் இருகாபனேற்றை உலகத்தில எந்தக் கடையிலயும் பவுடரா வாங்க ஏலாது, அது தண்ணிக்குள்ள மட்டும் சீவிக்கிற சாமான், தண்ணியை வத்த வைச்சா அது இருகாபனேற்றா மிஞ்சாது, காபனேற்றாத்தான் மிஞ்சும். சோடியம் அயனும் கல்சியம் அயனும் பருமனில கிட்டத்தட்ட ஒண்டு, ஒண்டு 102 பிக்கோமீற்றர் மற்றது 100. வித்தியாசம் ஏற்றத்திலதான். சோடியத்துக்கு ஒரு நேரேற்றம், கல்சியத்துக்கு ரெண்டு. அந்த ஒரு ஏற்றம் கூடினதால கல்சியம் காபனேற்றை இறுக்கிப் பிடிச்சுக் கல்லாக்கிப் போடுது, சோடியத்துக்கு அந்தப் பிடி இல்லை. சோடியம், பொற்றாசியம் உப்புகள் கிட்டத்தட்ட எல்லாமே கரையும் எண்டு பாடமாக்கினது ஞாபகம் இருக்கும். பாடமாக்கேக்க அது சோதினைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். கிணத்தடியில நிண்டு யோசிச்சாத்தான் அதின்ர அர்த்தம் விளங்கும், சோடியம் இருக்கிற முதலாம் கூட்டம் தண்ணிக்க ஒளிச்சு இருக்கும், கல்சியம் இருக்கிற ரெண்டாம் கூட்டம் சூடு பட்டவுடன தன்னைக் காட்டிக்குடுத்திடும்.

பூநகரிப் பக்கம் கேட்டுப் பாருங்கோ. அங்க உவர் ஏறின கிணறுகள் கனக்க, வாயில வைச்சவுடன தெரியும். ஆனா அதே தண்ணியைக் கேத்தலில கொதிக்க வைச்சா உப்பு அடியில விழாது, முழுக்க வத்திக் கேத்தல் கருகிற வரைக்கும் உப்பு தண்ணிக்கதான் நிக்கும். கேத்தலை வைச்சுத் தண்ணியை மட்டுக்கட்டிற ஆளுக்கு அந்தக் கிணத்தின்ர உவர் தெரியவே வராது.

ஆனையிறவு உப்பளத்தில இந்த ஒளிப்பு விளையாட்டு முழுசாத் தெரியும். ஏ-9 ஆல போகேக்க பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தா பாத்தி பாத்தியா வெள்ளை, வெயிலுக்குக் கண் கூசும். கடல்தண்ணியில லீற்றருக்கு 35 கிராம் அளவில உப்புகள் இருக்கு, ஆனா எல்லாம் ஒரேயடியா விளையாது. தண்ணி வத்த வத்த முதல் விழுறது கல்சியம் காபனேற்று, எங்கட கேத்தல் பொருக்கேதான். அடுத்தது ஜிப்சம், அதாவது கல்சியம் சல்பேற்று. தண்ணி பத்தில ஒண்டா வத்தினாப் பிறகுதான் சோறுகறிக்குப் போடுற உப்பு விளையும். அதுக்குப் பிறகும் ஒரு கைப்புத் தண்ணி மிஞ்சும், மகனீசியமும் பொற்றாசியமும் அதுக்க, அதை வடிச்சு விட வேணும், சரியா வடிக்காட்டி மகனீசியம் குளோரைட்டு உப்போட ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். கார்த்திகை மழைக்கு உப்புச் சிரட்டை கசிஞ்சு தண்ணி விடுறதுக்கு முக்கியமான காரணம் அதுதான், உப்பில பிழையில்லை, உப்போட வந்த மகனீசியத்தின்ர வேலை. போரில நிண்டு போன உப்பளம் இப்ப திரும்ப ஓடுது, 2025 இல அயடீன் கலந்த மேசை உப்பு ஆலையும் திறந்தாச்சு, நல்ல விசயம். ஆனா கசியிற கல்லுப்பில ஊறப்போட்ட மாங்காயின்ர ருசி மேசை உப்பில வராது எண்டது என்ர பிடிவாதம், அதுக்கு இரசாயன ஆதாரம் ஒண்டும் கேக்காதேங்கோ.

பொதுநோக்கு மண்டபத்தில நடந்தது

இவ்வளவையும் நான் மனசுக்க வைச்சுக்கொண்டு தலையாட்டிக்கொண்டு திரிஞ்ச காலத்திலதான் வீட்டுக்கு வீடு பூட்டுற ஆர்.ஓ. பில்ரர் (தண்ணியை அழுத்தி ஒரு மென்சவ்வுக்குள்ளால விட்டு உப்புகளைப் பிரிக்கிறது) விக்கிற பெடியள் வந்தாங்கள். கழுத்தில டை, கையில பைல். பொதுநோக்கு மண்டபத்தில பொம்பிளையள் கூட்டம் ஒண்டு முடிஞ்சு ஆக்கள் எழும்ப முதல் மேசையில ரெண்டு கண்ணாடிக் குவளையை வைச்சாங்கள், ஒண்டில எங்கட கிணத்துத் தண்ணி, மற்றதில அவங்கட பில்ரர் தண்ணி. ரெண்டும் பாக்க ஒரே மாதிரித்தான். பிறகு நாலு கம்பி தொங்கிற ஒரு கறுத்தப் பெட்டியை ரெண்டு குவளைக்கும் மேல வைச்சுக் கரண்டில செருகினாங்கள். கொஞ்ச நேரத்தில கிணத்துத் தண்ணி குமிழ் விட்டு, பச்சையாகி, பிறகு மண்ணிறமாகி, மேல சேறு மாதிரி திரண்டு மிதக்குது. பில்ரர் தண்ணி அப்பிடியே தெளிவாக் கிடக்கு. "இவ்வளவும்தான் அம்மா நீங்கள் ஒவ்வொரு நாளும் பிள்ளையளுக்குக் குடுக்கிறது" எண்டு ஒரு பெடியன் சொன்னான். மண்டபம் அப்பிடியே அடங்கிப் போச்சு. ஒரு தாய் மடியில இருந்த பிள்ளையின்ர வாயைத் துடைச்சது எனக்கு இப்பவும் கண்ணுக்க நிக்குது. ஏற்கெனவே நுண்கடன் கட்டிக்கொண்டிருக்கிற சனம், அதுக்க இன்னொரு தவணைக்குப் பேர் குடுக்க வரிசை.

பெரியம்மா மட்டும் வரிசைக்குப் போகேல்லை. பில்ரர் தண்ணியில ஒரு கப் வாங்கிக் குடிச்சுப் போட்டு, "என்ன தம்பி, சப்பெண்டு கிடக்கு, விழுங்கேலாமல் கிடக்கு" எண்டா. "அது சுத்தமான தண்ணி அம்மா, அப்பிடித்தான் இருக்கும்." "அப்ப உதுக்க ஒண்டுமே இல்லையோ?" "ஒண்டுமில்லை அம்மா." பெரியம்மா பக்கத்து வீட்டுக்கு ஒரு பிள்ளையை ஓட விட்டு உப்பு எடுப்பிச்சா. ஒரு சிட்டிகையை மற்றக் குவளையில, அந்தத் தெளிஞ்ச தண்ணியில போட்டுக் கலக்கி, "இப்ப உன்ர கம்பியை இன்னொருக்கா விடு பாப்பம்" எண்டா. பெடியன் "உப்பு வேற அம்மா" எண்டான். "உப்பை நாங்கள் ஒவ்வொரு நாளும் தின்னுறம் தம்பி, அது வேறயில்லை, விடு."

விட்டான், விடாட்டி மண்டபம் விடாது. முதல் குவளையை விடக் கெதியா, கூடக் கறுப்பா வந்தது சேறு.

எனக்கு அந்த இடத்தில சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெக்கமும் வந்தது. விளக்கம் எனக்குத் தெரியும், பெரியம்மாக்குத் தெரியாது, ஆனா கேள்வி அவக்குத்தான் வந்தது. விளக்கம் இதுதான். அந்தக் கம்பியளில ஒரு சோடி இரும்பு. தண்ணிக்குள்ள அயன்கள் இருந்தாத்தான் மின் ஓடும், ஓடினா இரும்புக் கம்பி கரைஞ்சு இரும்பு அயனா வந்து, தண்ணியில இருந்து பிறக்கிற ஐதரொட்சைட்டோட சேர்ந்து பச்சையும் மண்ணிறமுமாச் சேறு கட்டும். சேறு முழுக்கக் கம்பியில இருந்து வந்தது, எங்கட கிணத்தில இருந்து இல்லை. கிணத்துத் தண்ணியில கல்சியம், மகனீசியம், சோடியம் எல்லாம் இருக்கிறதால மின் ஓடிச்சு, பில்ரர் தண்ணியில அது இல்லாதபடியா ஓடேல்லை. பெரியம்மா போட்ட சோடியம் குளோரைட்டு பாதையைத் திறந்து விட்டுது. சோடியம் கலியாணத் தரகர் மாதிரி, ரெண்டு பக்கத்தையும் சேர்த்து வைச்சுப்போட்டுத் தான் ஒரு மாற்றமும் இல்லாமல் தண்ணிக்கதான் நிக்கும். அந்தப் பெடியளைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை, அவங்களுக்கும் பயிற்சியில இப்பிடித்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்கள், அவங்களும் சேறு தண்ணியில இருந்துதான் வருது எண்டு நம்பியிருக்கலாம்.

இதில இருக்கிற பகிடி என்னெண்டா, இந்த உலோகங்களை மனிசர் முதல் முதல் கண்ணால கண்டதே கரண்டு பாய்ச்சித்தான். 1807 இல லண்டனில ஹம்ப்ரி டேவி எண்ட ஆள் முதல் கரைசல்களுக்குள்ளால கரண்டை விட்டுப் பாத்தார், ஐதரசன்தான் வந்தது, உலோகம் வரேல்லை. தண்ணி இருக்கிற இடத்தில சோடியமோ பொற்றாசியமோ மின்வாயில வந்து உக்காராது, ஐதரசன் முந்தியிடும். பிறகு தண்ணியை விட்டுப்போட்டு பொற்றாசு எண்ட பொற்றாசியம் ஐதரொட்சைட்டை உருக்கி அதுக்கு கரண்டு குடுத்தார், வெள்ளி மாதிரி மினுங்கிற குறுணியள் வந்து சிலது வெடிச்சு எரிஞ்சுது. பொற்றாசியம். சில நாளில சோடியம். அடுத்த வருசம், 1808 இல, கல்சியம், மகனீசியம், ஸ்ரொன்சியம், பேரியம். சின்ன அளவில எண்டாலும் அதே கரண்டுதான் பொதுநோக்கு மண்டபத்துக் குவளைக்க போனது, கண்டுபிடிக்க உதவினது பயப்பிடுத்தவும் உதவுது. குவளைக்க எழும்பின குமிழ் ஐதரசன்தான், டேவிக்கு எரிச்சல் குடுத்த அதே ஐதரசன்.

அண்டைக்குக் கொஞ்சப் பேர் பேரை வெட்டிச்சினம், கொஞ்சப் பேர் வெட்டேல்லை. வெட்டாத ஆக்கள் பிழையான ஆக்கள் எண்டு நான் சொல்ல மாட்டன். இங்கதான் எனக்கு அந்தக் கேத்தல் கதை மற்றப் பக்கத்தால விளங்கத் தொடங்கினது. பில்ரர் தேவையோ இல்லையோ எண்டது ஒரு கேள்வி, அந்தச் சேறு அதுக்குக் காரணமோ எண்டது வேற கேள்வி. கேத்தலைக் காட்டிற அக்காவும் கறுத்தப் பெட்டியைக் காட்டிற பெடியனும் ஒரே வேலைதான் செய்யினம், கண்ணுக்குத் தெரியிறதைக் காட்டிக் கிட்னியைப் பற்றிக் கதைக்கினம். கிட்னிக்கு ஆபத்தானது கண்ணுக்குத் தெரியிற சாதியாய் இருக்க வேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லையே.

கேத்தல் காட்டாதது

புளோரைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, எங்கட கிணறுகளில இருக்கிற அளவுக்கு ருசியுமில்லை. வவுனியாப் பக்கம் எங்களுக்குக் கீழ இருக்கிறது பழைய பளிங்குருப் பாறை, கடற்கரைப் பக்கம் மன்னார் பூநகரி மாதிரிச் சுண்ணக்கல் இல்லை. அந்தப் பாறையில இருக்கிற கனிமங்களில இருந்துதான் புளோரைட்டு கசிஞ்சு கிணத்துக்கு வருது. பிள்ளையளின்ர பல்லில வெள்ளைத் திட்டோ கபிலக் கோடோ விழுந்திருக்கிறதைப் பாத்திருப்பியள், பல்லு வளர்ற வயசில கூடின புளோரைட்டு செய்யிற வேலை அது. இலங்கைத் தரநிர்ணயத்தில குடிதண்ணியில லீற்றருக்கு ஒரு மில்லிகிராம்தான் எல்லை, உலக சுகாதார நிறுவனம் 1.5 எண்டு சொல்லுது, வெக்கை நாட்டில சனம் கூடத் தண்ணி குடிக்கிறதால இங்க எல்லை இறுக்கம்.

இதிலயும் அந்த ரெண்டு கூட்டமும் வருது. கல்சியம் புளோரைட்டு லீற்றருக்குப் பதினாறு மில்லிகிராம் அளவிலதான் கரையும், சோடியம் புளோரைட்டு நாப்பது கிராம் கரையும். மில்லிகிராமும் கிராமும், இன்னொருக்கா வாசிச்சுப் பாருங்கோ. அதால கல்சியம் கூடின தண்ணியில புளோரைட்டு ஒரு அளவுக்கு மேல ஏற ஏலாது, கல்சியம் குறைஞ்சு சோடியம் கூடின தண்ணியில அது தாராளமா ஏறலாம். அந்தத் தண்ணியில சவுக்காரம் நல்லா நுரைக்கும், கேத்தலில பொருக்குப் பிடிக்காது, ஊரில எல்லாரும் "நல்ல தண்ணி" எண்டு வாளியோட வருவினம். கொதிக்க வைச்சாலும் புளோரைட்டு போகாது, ஆவியாப் போறது தண்ணிதான், புளோரைட்டு மிச்சத்துக்க இன்னும் செறியும்.

அதுக்காகக் கல்சியத்தை நான் சாமியாக்கவும் வரேல்லை. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் எண்டு வைத்தியர்கள் எழுதுறது தொண்ணூறுகளில வடமத்திய மாகாணத்தில கண்ணுக்குப் பட்டது, பிறகு வவுனியா வரைக்கும் வந்தது, காரணத்தில இண்டைக்கும் ஆய்வாளர்கள் ஒத்து வரேல்லை. வெயிலுக்க வேலை செய்து தண்ணி குடிக்காமல் இருக்கிறது எண்டு ஒரு பக்கம், காட்மியம் எண்டு ஒரு பக்கம், களைநாசினி கிளைபோசேற்று வன்னீரில இருக்கிற கல்சியம் மகனீசியத்தோட கூட்டுச் சேர்ந்து கிட்னிக்குப் போகுது எண்டு 2014 இல ஒரு கருதுகோள், அதைக் கொண்டு அடுத்த வருசம் தடை, பிறகு தடை தளர்த்தல். பேராதனைப் புவிச்சரிதவியல் ஆக்கள் 2011 இல எழுதினது இதெல்லாத்தையும் விட என்னைப் பிடிச்சு நிப்பாட்டினது. புளோரைட்டு எவ்வளவு எண்டது மட்டுமில்லை, அதோட கல்சியமும் சோடியமும் என்ன விகிதத்தில இருக்குது எண்டதும் சேர்த்துத்தான் பாக்க வேணும் எண்டு அவை சொல்லினம், கல்சியம் கூடின பக்கம்தான் கிட்னிக்குக் கூடக் கெடுதல் எண்டது அவையின்ர கருத்து. ஆக வன்மை, அதாவது தண்ணியில கல்சியமும் மகனீசியமும் கூடி இருக்கிறது, சந்தேக நபர்களில ஒண்டுதான். ஆனா தனிய இல்லை. தனிய வன்மைதான் காரணமெண்டா யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் தப்பியிருக்க ஏலாது, அங்க முழுச் சனமும் சுண்ணக்கல்லுக்குள்ளால வாற தண்ணியைத்தான் தலைமுறை தலைமுறையாக் குடிக்குது, இந்த வருத்தம் அங்க இந்த மாதிரிப் பரவேல்லை. இதைச் சொன்னா அந்தக் கேத்தல் அக்காமாரில சிலர் யோசிக்கினம். பெரியம்மா தன்ர வெத்திலைத் தட்டைக் காட்டி, தான் எத்தினை வருசமாச் சுண்ணாம்பு தின்னுறன் எண்டு கேக்கிறா, அதுவும் கல்சியம்தானே. கேள்வி சரி. பாக்கும் புகையிலையும் வாய்க்குச் செய்யிற வேலையைச் சொன்னா மட்டும் அவக்குக் காது கேக்காது.

எங்கட வீட்டில குடிக்கிறதுக்கு ஆர்.ஓ. தண்ணிதான், ஊர்த் தண்ணி நிலையத்தில கானில எடுக்கிறம், சமைக்கிறதுக்கும் அதையே எடுக்கிறம், ஏனெண்டா சோறு தண்ணியைக் குடிக்கும், தண்ணியோட புளோரைட்டையும் குடிக்கும். எடுக்கிறதுக்குக் காரணம் கிணத்துத் தண்ணி சோதிச்ச ரிப்போட்டில புளோரைட்டு ஒண்டுக்கு மேல நிண்டது, கேத்தலில வெள்ளை நிண்டது இல்லை. உடுப்புத் தோய்க்க, குளிக்க, மாட்டுக்கு எல்லாம் கிணறுதான். கேத்தலில இப்ப வெள்ளை பிடிக்கிறேல்லை, அதைப் பாத்து வாற ஆக்கள் "உங்கட கிணறு நல்ல கிணறு போல" எண்டு சொல்லேக்கதான் எனக்கு இதை எழுத வேணும் எண்டு வந்தது.

சோதிக்கிறதெண்டா தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின்ர ஆய்வுகூடத்தில காசு கட்டிச் செய்யலாம், எப்பிடிப் போத்தலில எடுக்கிறது எண்டு அவையே சொல்லுவினம். கையில பிடிச்சு நம்பர் காட்டிற டி.டி.எஸ். மீற்றரோட வீட்டுக்கு வாற ஆக்களிட்ட அந்த நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு விடாதேங்கோ, அது கரைஞ்சிருக்கிற உப்பு மொத்தத்தைத்தான் மின்னோட்டத்தை வைச்சு மட்டுக்கட்டும், அதுக்க உப்பு எவ்வளவு, புளோரைட்டு எவ்வளவு எண்டு பிரிச்சுச் சொல்லாது. ஆய்வுகூடத்தில மொத்த வன்மை, புளோரைட்டு, நைத்திரேற்று, மின்கடத்துதிறன் இந்த நாலும் கேளுங்கோ. மாரி முடிஞ்சு கிணறு நிரம்பியிருக்கேக்க ஒருக்காலும், ஆவணியில அடி தெரியிற நேரம் ஒருக்காலும் எடுத்தா நல்லம், ஒரே கிணத்தில ரெண்டு நேரமும் ரெண்டு நம்பர் வரும். ரிப்போட்டில புளோரைட்டு எண்ட வரி இல்லாமல் வந்தா, திருப்பிக் குடுத்துக் கேளுங்கோ.